அடைபட்ட நீரும் ஐயுற்ற ஊரும்

2022 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் எம் ஆயரவர்கட்கு மொட்டைக் கடிதம் ஒன்று போய்ச் சேர்ந்தது. எழுதியவர் எம் பங்கைச் சேர்ந்தவரே என்பது நடையிலேயே தெரிந்தது. எங்கள் சுவாமியார் காலைப் பூசைக்கு வரும்போதே தள்ளாடுகிறார். மறையுரையின் நடுவில் அறைக்குள் ஓடுகிறார். சொன்னதையே திரும்பவும் சொல்கிறார். பூசைக்கு வாங்கும் திராட்சை இரசம் எங்கே போகிறதென்று விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆயர் எம்மை அழைத்து அதனைப் படித்துக் காட்டினார். கையொப்பமிடத் துணியாதவராயினும் கூரிய கண்ணுடையவர் என்று அவரை மெச்சவே தோன்றியது. தடுமாறும் நடை, அடக்க இயலாத சிறுநீர், மங்கும் நினைவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் முதன்முதலாகச் சேர்த்து எழுதியவர் அவர்தாம். மருத்துவர்கள் அதற்கு நான்கு மாதங் கழித்தே அம்மூன்றும் ஒரே நோயின் குறிகள் என்றனர்.

அந்நோயை நீர்க்கபாலம் என்பர். பெயரைக் கேட்டவுடன் பெரிய தலையோடு பிறக்கும் குழந்தைகளே நினைவுக்கு வருவர். குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இறுகாதிருத்தலால், உள்ளே தேங்கும் நீர் தலையைப் பெருக்கச் செய்கிறது. வளர்ந்தவரின் மண்டையோடோ பூட்டிய பெட்டி போன்றது. அது பெருக்காது, உள்ளிருக்கும் மூளையே ஒதுங்கி இடம்விட நேர்கிறது. மூளையின் நடுவிலுள்ள அறைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் தெளிந்த நீர் சுரக்கிறது. ஆனால் எந்நேரமும் உள்ளே இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். எஞ்சியது இரத்தத்தில் சென்று கலந்துவிட வேண்டும். மடை தூர்ந்தால் வயலுக்கு நேர்வது என்ன என்பதை உழவர் நிறைந்த எம் பங்கிற்கு யாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

எம் மடை தூர்ந்தது 2021 ஆகஸ்டில். கிளைப்பங்கு ஒன்றில் மாலைப் பூசை முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் நாயொன்று குறுக்கே பாய்ந்தது. தலைக்கவசம் உயிரைக் காத்தது. எனினும் மூளையைச் சுற்றிச் சிறிது இரத்தம் கசிந்தது. பத்து நாளில் பங்கு இல்லம் திரும்பினோம். கசிந்த இரத்தம் நீர் வடியும் நுண்வழிகளை அடைத்துவிடக் கூடும், அதன் பயன் பல மாதங் கழித்தே வெளிப்படக் கூடும் என்பவை பின்னர் அறிந்தவை.

அடுத்த தவக்காலத்தில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. வலியில்லை, வலுவும் குறையவில்லை. ஆயினும் பாதம் எழ மறுத்தது. சிலுவைப்பாதையில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு யாம் போய்ச் சேர்வதற்குள் மக்கள் பாட்டை முடித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முழங்கால் தேய்மானம் என்றார் ஒரு மருத்துவர். சர்க்கரையால் நரம்பு கெட்டது என்றார் மற்றொருவர். வயதாகிறதல்லவா என்றனர் ஏனையோர். எமக்கு அப்போது 56. சிறுநீர்த் தொல்லையைப் பற்றி இப்பக்கங்களில் விரித்துரைத்தல் தகாது. உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பு எவ்வளவு நீளமானது என்பதை வாசகர் அறிவர், அது போதும். கால் போனதைவிட நினைவு நழுவியதே எம்மை அச்சுறுத்தியது. இருபத்தேழு ஆண்டுகள் நாள்தோறும் சொல்லிவந்த நற்கருணை மன்றாட்டின் நடுவே எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமற்போகும். பீடச்சிறுவன் ஒருவன் எவரும் சொல்லாமலேயே அருகில் வந்து, பூசைப் புத்தகத்தின் வரியில் விரல் வைக்கத் தொடங்கினான். அவ்விரலைப் பற்றிக்கொண்டே பல மாதம் திருப்பலி நிறைவேற்றினோம். என்றேனும் ஒருநாள் அவ்விரல் காட்டும் சொல்லும் விளங்காமற்போகுமோ என்ற எண்ணம் இரவில் உறக்கத்தைக் கெடுத்தது.

2023 சனவரியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் எம்மை நாற்காலியில் அமரச் சொல்லாமல் நடக்கச் சொன்னார். பத்து மீட்டர் நடந்தோம். அவர் நொடிகளையும் அடிகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையின் அறைகள் பருத்திருந்தன. பிறகு முதுகுத்தண்டின் கீழ்ப்புறத்தில் ஊசி செலுத்தி 40 மில்லிலிட்டர் நீரை எடுத்துவிட்டு, சில மணி நேரங் கழித்து அதே பத்து மீட்டரை நடக்கச் சொன்னார். 31 அடிகளில் கடந்த தொலைவை 19 அடிகளில் கடந்தோம். திரும்புகையில் சுவரைப் பற்றவில்லை. இரண்டு நாளில் கால்கள் பழையபடியே ஒட்டிக்கொண்டன என்பது வேறு. ஆனால் வழி உண்டு என்பது தெரிந்துவிட்டது. கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரின் சாலமோன் ஹக்கீம் என்னும் மருத்துவர், அழுத்தம் மிகாமலே நீர் தேங்கும் இவ்வகையை 1965 இல் உலகறியச் செய்தார். முதுமை என்று கைவிடப்பட்டோருள் சிலர் எழுந்து நடக்கக் கூடியவர்கள் என்பது அவருக்குப் பின்னரே மருத்துவ உலகிற்குத் தெளிவாயிற்று.

அறுவைக்கு முந்திய இரவு அடுத்த பங்கின் குரு வந்து எமக்கு நோயில்பூசுதல் அளித்தார். பிறர் நெற்றியில் எத்தனையோ முறை பூசிய எண்ணெய் எம் நெற்றியில் குளிர்ந்தது. செய்தி ஊருக்கு எட்டியதும் பெண்கள் அழத் தொடங்கினராம். அவஸ்தைப்பூசுதல் என்னும் பழம்பெயர் இன்னும் நம் வீடுகளை விட்டு அகலவில்லை. அது சாகப்போகிறவர்க்கு மட்டும் உரியதன்று, கடும் நோயுற்றோர்க்கெல்லாம் உரியது என்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972 இலேயே ஒழுங்கு செய்தார். கொடிய நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்பவர் அதனைக் கேட்டுப் பெறலாம். இதனை எத்தனை முறை மேடையில் சொல்லியும் ஏறாதது, சுவாமியார் தாமே பெற்றுக்கொண்டபோது ஓரளவு ஏறியது.

அறுவை இரண்டு மணி நேரத்திற்கும் குறைவே. மண்டையோட்டில் சிறு துளையிட்டு மூளையின் அறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தினர். காதுக்குப் பின்னே ஒரு வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே குழாய் இறங்கி வயிற்றறையில் முடிகிறது. அங்கே விழும் நீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும். இதனை ஷண்ட் என்கின்றனர். கண்விழித்தபோது பாதித் தலை மழிக்கப்பட்டிருந்தது. தலையைவிட வயிறும் கழுத்துமே நொந்தன.

எழுந்தவுடன் துள்ளி நடந்தோம் என்று எழுதினால் அது புதுமைக் கதையாகிவிடும். மூன்றாம் வாரத்தில், உட்கார்ந்தால் தலைவலியும் படுத்தால் நிம்மதியுமாக இருந்தது. நீர் அளவுக்கு மிஞ்சி வடிகிறது என்று கண்டு, மருத்துவர் காதுக்குப் பின்னே காந்தக் கருவி ஒன்றை வைத்துத் திருப்பி, வால்வைச் சற்றே இறுக்கினார்; கத்தியும் இல்லை, தையலும் இல்லை. அதனாலேயே காந்தமுள்ள பொருள்களை அவ்விடத்திற்கு நெருக்கமாகக் கொண்டுசெல்லலாகாது. கைப்பேசியை இப்போது இடக்காதில்தான் வைக்கிறோம். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டியின் மீது சாய்ந்து நிற்பதில்லை. செவிக்கும் அது நன்மையே. நடை முதலில் மீண்டது. சிறுநீர் அடக்கம் பிறகு வந்தது. நினைவு மட்டும் மிக மெதுவாக, இன்னும் சில இடங்களில் ஓட்டையோடு திரும்பியது. ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளின் பெயர்களைச் சொல்ல ஏட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிற்க இயலாத நோயாளிக் குரு அமர்ந்தபடியே திருப்பலி நிறைவேற்றலாம் என்றும், மக்கள் முன்னிலையிலாயின் ஆயரின் இசைவு வேண்டும் என்றும் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 930 ஆம் பிரிவு கூறுகிறது. ஆயர் இரண்டே வரியில் இசைவளித்தார். பாஸ்கா காலம் முழுதும் பலிபீடத்தின் முன் நாற்காலியில் அமர்ந்தோம். மோசே கல்லின்மேல் அமர, இருவர் அவர் கைகளைத் தாங்கி நின்ற நிகழ்ச்சியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். தாங்கப்படுகிறவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்பதை எந்த விளக்கவுரையிலும் படித்ததில்லை.

அக்கோடையில் ஒரு தாய் தம் எட்டு வயது மகனை அழைத்து வந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு ஷண்ட் பொருத்தி, இருமுறை மாற்றியும் ஆயிற்றாம். ஊரார் சாபம் என்று பேசியதால் பல ஆண்டுகள் கோயிலுக்கே கொண்டுவரவில்லை என்றார். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியும் அதுதான். அதற்கு அவர் அளித்த மறுமொழியை அறிந்த பின்பும் நம்மவர் அக்கேள்வியைக் கைவிடாதது எமக்கு வெறுப்பளிக்கிறது. சிறுவனோ சாபத்தைப் பற்றிக் கவலையுற்றவனாகத் தெரியவில்லை. "சாமி, காதுக்குப் பின்னாடி மேடா இருக்கா? தொட்டுப் பார்க்கட்டுமா?" என்றான். பார்த்தான். தன்னுடையதையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பிறகு மூத்தவன் இளையவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "தலைவலியோட வாந்தி வந்தாலும், தூக்கம் தூக்கமா வந்தாலும், காய்ச்சல் அடிச்சாலும், குழாய் போற இடம் சிவந்தாலும் உடனே அம்மாகிட்ட சொல்லிடணும். ராத்திரின்னாலும் சொல்லிடணும். சாமிக்குத்தான் அம்மா இல்லையே, யாருகிட்ட சொல்வீங்க?"

பங்கு இல்லத்தில் தனித்து வாழும் ஒருவருக்கு அது எளிய வினாவன்று. அன்று மாலையே உபதேசியாரிடம் ஒரு சாவி கொடுத்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்காவிடில் கதவைத் திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு.

வால்வுகளின் வரலாற்றிலும் இத்தகைய இல்லக் கவலையே காணப்படுகிறது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளி, 1955 இல் நீர்க்கபாலத்தோடு பிறந்த தம் மகனுக்காகப் பட்டறையில் அமர்ந்து வால்வு ஒன்றைச் செய்தார். அம்மகன் நெடுநாள் வாழவில்லை, வால்வு வாழ்ந்தது. ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை 1960 இல் நியூயார்க்கில் வாடகை மோட்டாரால் மோதுண்டு இந்நோய்க்கு ஆளானபோது, அவர் நீரியல் பொறியாளர் ஒருவரையும் அறுவை மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு மற்றொரு வால்வைப் படைத்தார். அது பயன்பாட்டுக்கு வந்தபோது அவர் மகனுக்கு அது தேவைப்படவில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூரில் சாப்ரா வால்வு மிகக் குறைந்த விலையில் செய்யப்படுகிறது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் அதனை விலையுயர்ந்த வெளிநாட்டு வால்வோடு ஒப்பிட்டு 2005 இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. அச்சிறுவன் தலையில் இருப்பது அதுவே. எம்முடையதைவிட மலிவு என்பதில் அவனுக்குச் சிறிது பெருமையுங்கூட.

இப்போது வீடு சந்திக்கச் செல்கையில் முதியோரைச் சற்று நடந்து காட்டச் சொல்கிறோம். தள்ளாடுவோர்க்கெல்லாம் இந்நோய் என்று கொள்ளலாகாது. அறுவை எல்லார்க்கும் பயன்தருவதுமில்லை. நான்கு பேரை மருத்துவரிடம் அனுப்பியதில் மூவருக்கு வேறு நோய்கள். ஒரு பாட்டியாருக்கு மட்டும் நீர் தேங்கியிருந்தது. திண்ணையிலேயே கிடந்தவர் இப்போது கோல் ஊன்றிக் கடைக்குப் போகிறார். மருமகளோடு சண்டைக்கும் போகிறார் என்று கேள்வி.

சிறுவன் உயரமாக வளர்வதால் குழாயின் நீளம் போதாமல் வருகிறதாம். வரும் விடுமுறையில் மீண்டும் அறுவை. உடன் வரவேண்டும் என்று எம்மைக் கேட்டுக்கொண்டான். மூவருக்கும் இரயில் சீட்டு எடுத்தாயிற்று. சன்னலோர இருக்கை தனக்கே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான்.