நிலமும் பொழுதும்

எங்கள் வீட்டு உணவு மேசைமீது ஒரு கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்றரைச் சாண் உயரம், சுவரெல்லாம் தெர்மாகோல். கட்டிக்கொண்டிருந்தவன் என் மகன். பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வீடு திரும்பியிருந்த அவனோடு நான்கு மாதங்களாக நான் உணவு நேரத்துச் சொற்களைத் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை. பேச வேண்டியவற்றை எல்லாம் அவன் வந்த அன்றே பேசித் தீர்த்திருந்தேன். அவற்றுள் சில, எந்த மாணவரிடமும் நான் சொல்லத் துணியாதவை.

சனிக்கிழமை மாலைகளில் அவன் நண்பர்கள் நால்வர் வருவார்கள். அவர்கள் ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரால் வெளிக்கொணரப்பட்டது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் தம்மை வீரராகவோ மந்திரவாதியாகவோ கள்வராகவோ கற்பித்துக்கொண்டு, பகடை உருட்டி, அக்கதைக்குள் நடப்பார்கள். இறுதியில் வென்றவர் தோற்றவர் என்று எவரும் இல்லை என்பதை அறிந்தபோது எனக்கு எரிச்சலே வந்தது. "வெல்வதற்கு ஒன்றுமில்லாத ஆட்டத்தை எதற்காக ஆடுகிறார்கள்?" என்று மனைவியிடம் கேட்டேன். அவன் காதில் விழும்படிதான் கேட்டேன்.

ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், மேசையருகே அவன் அசையாமல் அமர்ந்திருப்பதைக் கண்டேன். தெளிப்பான் வண்ணம் பட்டுக் கோட்டையின் ஒருபக்கச் சுவர் உருகிக் குழிந்திருந்தது. அவ்வண்ணத்தில் கலந்துள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். "கொலுவுக்குக் கோயில் செய்யும்போது உன் அத்தை முதலில் வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிடுவாள். அதன்பிறகுதான் வண்ணம்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "பசையோடு கறுப்பு வண்ணத்தையும் கலந்து பூசலாமா, அப்பா?" என்றான். அன்றிரவு இருவரும் ஒரு மணிவரை விழித்திருந்தோம்.

அவ்வுலகுக்கென்று ஓர் அளவு உண்டு. மேசையில் ஓர் அங்குலக் கட்டம் அங்கே ஐந்து அடி. மனித உருவங்கள் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கிச் சுவரில் அழுத்தி உருட்டினால், மழையில் அரித்த கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். இவையெல்லாம் எனக்கு எளிதில் கைவந்தன. கைவராதது விளக்குதான். 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்று அந்த அளவில் ஓரடி அகலப் பானைக்குச் சமம்! அதை எங்கே வைத்தாலும் உலகம் பொய்த்துப்போயிற்று. விளக்கு தெரியக் கூடாது; வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். சுவருக்குப் பின்னே மறைத்து, சாளரத்தில் மஞ்சள் பூசிய எண்ணெய்த்தாளை ஒட்டினோம். அப்போது ஒளி சுவரையே ஊடுருவிக் கசிந்து, கோட்டை காகித விளக்கைப்போல் ஆயிற்று. உட்புறம் முழுவதும் கறுப்புப் பூசிய பிறகே கல் மீண்டும் கல்லாயிற்று.

வாயிலில் கனலும் அடுப்புக்குச் சிவப்பு, மந்திரவாதியின் அறைக்கு நீலம் என்று இரண்டு விளக்குகளை ஒரே பொத்தான் மின்கலத்தில் பக்க இணைப்பாக நான் இணைத்தேன். சிவப்பு மட்டும் எரிந்தது. நீலம் பழுதென்று எடுத்து எறியப்போனேன். "பழுதில்லை, அப்பா" என்று தடுத்தான். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலத்துக்கு 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். அம்மின்கலம் தருவதே 3 வோல்ட்தான். இரண்டையும் சேர்த்துவிட்டால் சிவப்பு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மின்னழுத்தத்தைத் தன் அளவுக்கு இறக்கிவிடும். நீலத்துக்குத் தனி மின்கலம் கொடுத்தான். கண் கூசும்படி எரிந்தது. மின்னியல் தாளில் இருமுறை தேர்ச்சி பெறாதவன் அவன். நான் அவ்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். தொல்காப்பியர் நிலத்தோடு நில்லாமல் பொழுதையும் ஏன் சேர்த்தார் என்பது எனக்குக் கண்முன் விளங்கியது அந்த மேசையில்தான். விளக்கில்லாத கோட்டைக்கு நிலம் இருந்தது, பொழுது இல்லை. வெண்ணிற விளக்கை வைத்தபோது அலுவலகம்போல் இருந்தது. இளமஞ்சளுக்கு மாற்றினோம், மாலை வந்தது. கீழ்த்தளத்து விளக்குகளை அணைத்து மேல்மாடச் சாளரத்தை மட்டும் எரியவிட்டேன், யாமம் ஆயிற்று. ஆட்டத்தின் விதிநூலில் இருளுக்கும் கணக்கு உண்டு: ஒரு தீப்பந்தம் 20 அடிவரை நல்வெளிச்சம் தரும், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல், பிறகு இருள். நல்வெளிச்சம் நான்கு கட்டங்களே. அதற்கேற்ப வாயில் விளக்கின் ஒளியைக் குறைக்க மின்தடைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை என்னையும் அறையின் மூலையில் அமர இசைந்தார்கள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு மகன் கதையைத் தொடங்கினான். வகுப்பில் எனக்கு வராத நிதானம் அவன் குரலில் இருந்தது. கைவிடப்பட்ட கோட்டை அது; பல ஆண்டுகளாக அங்கு எவரும் இல்லை என்றான். நண்பருள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "எவரும் இல்லையென்றால் மேலே விளக்கு எப்படி எரிகிறது?" என்றார்.

அச்சாளரத்தை எரியவிட்டவன் நான். அழகுக்காகச் செய்தது, அவன் கதையில் அதற்கு இடமில்லை. மகன் சற்று நேரம் அதையே பார்த்தான். பின் ஒருமுறை என் பக்கம் திரும்பினான்.

"ஒரு முதியவர் இருக்கிறார்" என்றான். "இரவில் உறங்குவதில்லை. போன ஒருவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறார்."

நால்வரும் தமக்குள் நெடுநேரம் பேசினார்கள். வாளை உறையிலிட்டுவிட்டுக் கதவைத் தட்டுவதென்று முடிவாயிற்று. பகடை மேசைமீது உருண்டது.