முழுசில் எத்தனை?

1/4 ÷ 3. ஆறாம் வகுப்பில் பல ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒரே வரியில் முடித்துவிடும் கணக்கு இது. மூன்றைத் தலைகீழாக்கினால் 1/3. பெருக்கினால் 1/12. அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். பிள்ளைகளும் நோட்டில் சரியாகப் போட்டுவிடுவார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அதே பிள்ளையிடம் ஓர் அட்டையின் கால் பாகத்தைக் காட்டி, “இதை மூணு பேருக்குச் சமமாப் பிரிச்சா ஒருத்தருக்கு முழு அட்டையில எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். 1/12 என்ற விடை அத்தனை சுலபமாக வராது. பின்னம் என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறதா என்பதை இந்தக் கணக்கைப் போலச் சட்டென்று காட்டிக்கொடுப்பது வேறொன்றும் இல்லை. அதனாலேயே எனக்கு இந்தப் பாடத்தின் மேல் தனிப் பிரியம்.

தொகுதியில் ஒன்று மட்டும் இருக்கும் பின்னங்கள் ஓரலகுப் பின்னங்கள்: 1/2, 1/3, 1/4 என்று போகும். இவற்றை முழு எண்ணால் வகுப்பது பின்ன வகுத்தலின் முதல் படி. எண்கள் சின்னவை, செய்கையும் சின்னது. ஆனாலும் படம் போட்டு விடை கண்டுபிடிக்கச் சொன்னால் தவறான விடைகள் பெரும்பாலும் இரண்டே வகையாகத்தான் வரும்.

ஒரு சாரார் 1/3 என்பார்கள். “மூணா வெட்டினேன் சார், அதுல ஒண்ணு எடுத்தேன். அப்ப மூணுல ஒண்ணுதானே?” இப்படிச் சொல்பவன் கண் முன்னால் இருப்பது கால் பாகம். அந்தக் கால் பாகத்தில் அது மூன்றில் ஒன்றுதான். அந்த மட்டில் அவன் சொல்வது சரி. முழு அட்டை அவன் பார்வையிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு சாரார் 1/6 என்பார்கள். ஒரு செவ்வகம் வரைந்து நான்கு கட்டமாகப் பிரித்து, முதல் கட்டத்தை மட்டும் மூன்றாகக் கோடு போடுகிறாள் ஒரு பிள்ளை. பிறகு எண்ணுகிறாள். சின்னத் துண்டு மூன்று, பெரிய துண்டு மூன்று, மொத்தம் ஆறு. ஆறில் ஒன்று. இவள் முழுசை மறக்கவில்லை. துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணலாம் என்பதை விட்டுவிட்டாள்.

ஒரு முழுசு வேண்டும், அதைச் சம பாகமாக்க வேண்டும். பின்னத்தின் பொருள் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு முதலாவது நழுவியிருக்கிறது, மற்றொரு பிள்ளைக்கு இரண்டாவது. இரண்டு நோட்டிலும் ஒரே சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டால் இருவருக்குமே எங்கே விட்டோம் என்று தெரியாமல் போகும். எப்படி யோசித்தார்கள் என்று சொல்லவைத்துக் கேட்க வேண்டும். கேட்டால் மருந்து எதுவென்று ஆசிரியருக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் கைகொடுக்கும் மருந்து தாள் மடிப்பு. ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள். நீளவாக்கில் பாதியாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்தால் நீளமான பட்டை கிடைக்கும். “இப்ப கையில தெரியறது எவ்வளவு?” “கால் சார்.” அந்தப் பட்டையைக் குறுக்குவாக்கில் மூன்றாக மடிக்கச் சொல்வேன். மூன்றாக மடிப்பது கொஞ்சம் சிரமம். ஒரு முனையை உள்ளே மடித்து, மற்ற முனையை அதன்மேல் கொண்டுவந்து, விளிம்புகள் பொருந்தும்வரை நகர்த்தி, பிறகு நகத்தால் அழுத்த வேண்டும். இப்போது கையில் இருப்பது காலின் மூன்றில் ஒரு பங்கு. மேலே தெரியும் முகத்தில் மட்டும் நிறம் தீட்டிவிட்டுத் தாளை விரித்தால் பன்னிரண்டு கட்டம், எல்லாம் ஒரே அளவு, ஒன்றில் நிறம்.

இந்தச் செய்கையின் சூட்சுமம் மடிப்பு விழும் இடத்தில் இருக்கிறது. படம் வரையும்போது பிள்ளை ஒரு கால் பாகத்தை மட்டும் வெட்டுகிறது. மற்ற மூன்றும் பழையபடியே கிடக்கின்றன. தாளில் அப்படி முடியாது. நான்கு அடுக்கும் கையில் ஒன்றாக இருப்பதால், ஒன்றில் விழும் மடிப்பு நான்கிலும் விழுகிறது. முழுசும் சமமாகப் பிரிந்துவிடுகிறது. மடித்து முடித்த பிறகு மறுபடி படத்துக்கு வருவேன். பழைய படத்திலேயே அந்தக் கோடுகளை மறு முனைவரை நீட்டச் சொன்னால் போதும். 1/6 என்று எழுதிய பிள்ளை அநேகமாகத் தானே அழித்து 1/12 என்று எழுதிவிடும்.

அடுத்து 1/2 ÷ 3, 1/3 ÷ 2, 1/5 ÷ 2 என்று சிலவற்றை மடித்தும் வரைந்தும் பார்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் 1/6 வருவதைக் கண்டு வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். பகுதிகளை வரிசையாக எழுதி வைத்தால், “கீழே இருக்கறதையும் வகுக்கற நம்பரையும் பெருக்கினா போதும் சார்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விதி பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். காரணத்தைக் கேட்டால் “ஒவ்வொரு கால்லயும் மூணு துண்டு, நாலு கால்” என்று கையால் காட்டிச் சொல்லும். அந்தக் காரணம் இல்லாத விதி அரையாண்டுத் தேர்வுக்குள் மறந்துபோகும்.

1/3 என்று சொல்பவருக்கு நிலக்கணக்கு நன்றாக உறைக்கும். ஓர் ஏக்கர் நூறு சென்ட் என்பது கிராமத்துப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருப்பது. கால் ஏக்கரை ஐந்து பேர் பாகம் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு ஏக்கர்? “அஞ்சுல ஒண்ணு” என்று ஒரு குரல் வரும். அப்படியே வைத்துக்கொள்வோம். ஏக்கரில் ஐந்தில் ஒன்று இருபது சென்ட். ஐந்து பேருக்கும் இருபது இருபது சென்ட் கொடுக்க முழு ஏக்கரும் வேண்டும்; இருப்பதோ இருபத்தைந்து சென்ட். இதைக் கேட்டதும் வகுப்பே திருத்திவிடும்: ஆளுக்கு ஐந்து சென்ட். நூறு சென்ட்டில் அப்படி இருபது பங்கு இருக்கும். ஆகவே 1/4 ÷ 5 = 1/20. நிலம் பார்க்காத பிள்ளைகளுக்குக் கால் லிட்டர் பால் போதும். 250 மில்லியை ஐந்து தம்ளரில் ஊற்றினால் 50 மில்லி, லிட்டரில் இருபதில் ஒன்று.

ஓரலகுப் பின்னத்தோடு நிற்காமல் மேலே கொண்டுபோவதற்குச் சமான பின்னம் வழிவிடும். கால் என்பது 3/12. பன்னிரண்டில் மூன்றை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. இதே வழியில் 2/5 ÷ 3-ஐயும் போடலாம். 2/5 என்பது 6/15. மூன்றால் வகுத்தால் 2/15.

பாடம் முடியும் முன் 1/4 ÷ 3-க்குப் பக்கத்தில் 3 ÷ 1/4 என்று எழுதி, இரண்டுக்கும் தனித்தனியே கதை சொல்லச் சொல்வேன். முதலாவது பங்கிடுவது. இரண்டாவது, மூன்று லிட்டர் பாலில் எத்தனை கால் லிட்டர் அடங்கும் என்று அளப்பது; விடை 12. கதை தெரிந்த பிள்ளை எதைத் தலைகீழாக்குவது என்று தடுமாறாது. இந்தக் குழப்பம் பிள்ளைகளோடு நிற்பதும் இல்லை. கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்கு ஒரு கதைக் கணக்கும் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டிருந்தார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் கதை சரியாக அமைந்தது ஒருவருக்குத்தான். அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் பலர் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். ஆசிரியருக்கே கதை தெரியாதபோது பிள்ளைக்கு விதியைத் தவிர வேறு எதைக் கொடுக்க முடியும்?

தலைகீழாக்கிப் பெருக்கும் விதியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் மகாவீரர் ‘கணிதசாரசங்கிரகம்’ நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த நூலை ரங்காச்சாரியார் பதிப்பித்து 1912-இல் சென்னை அரசு வெளியிட்டது. ஆயிரம் ஆண்டு தாண்டியும் பயன்படுகிற, வேகமான, பிழையில்லாத கருவி. அது பிள்ளையின் கைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்று தெரிந்த பிறகு வந்தால்தான் அது கருவி; அதற்கு முன்னால் வந்தால் வெறும் மனப்பாடம்.

சக ஆசிரியர்களிடமும், வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை விடை சொன்னதும் சரி, தப்பு என்று சொல்வதற்கு முன்னால், “இந்த மாதிரித் துண்டு முழுசில் எத்தனை இருக்கும்?” என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். இந்தப் பாடத்துக்கு இரண்டு பாடவேளை கூடுதலாக ஆனால் ஆகட்டும். விகிதமும் சதவீதமும் பின்னாலேயே வருகின்றன. எதில் எவ்வளவு என்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அவை இரண்டும் எட்டாமல் போய்விடும்.