தீர்த்தன் ஆற்றில் ஒரு தூண்டில் பாடம்

அக்டோபரில் தீர்த்தன் ஆறு தெளிந்துவிடுகிறது. கரையிலிருந்தே அடிக்கற்களை எண்ணலாம். இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்தில், குஷைனி கிராமத்துக்கு மனைவியோடும் பத்து வயது மகளோடும் போயிருந்தேன். கொக்கியில் கட்டிய செயற்கைப் பூச்சியால் மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள ஆசை. எங்கள் மூவருக்குமே தூண்டில் பிடித்த பழக்கம் கிடையாது.

உள்ளூர் வழிகாட்டி எடுத்த எடுப்பில் தூண்டிலைக் கையில் தரவில்லை. எங்களுக்குத் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டார். கொக்கி முகத்தில் பட்டுவிடக் கூடாதாம். பிறகு ஓரத்துத் தண்ணீரில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினார். "பேட்டா, மீன் என்ன சாப்பிடுதுன்னு முதல்ல பாரு" என்றார் இந்தியில். கல்லின் அடியில் தட்டையான சிறு பூச்சிகள் ஊர்ந்தன. மணற்பருக்கைகளை ஒட்டிக் கட்டிய குழலுக்குள் ஒரு புழு இருந்தது. அவர் திறந்து காட்டிய டப்பாவிலும் அதே பூச்சிகள். சேவலின் கழுத்து இறகு, மயிலிறகின் இழை, நூல் ஆகியவற்றால் கொக்கியின் மேல் அவரே கட்டியவை. மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாம் அறிந்த தூண்டிலில் ஈயக்குண்டின் எடை கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்கு எடையே இல்லை. தடித்த கயிறுதான் எடை. அதுதான் பூச்சியைச் சுமந்து போகிறது. பின்பக்கம் வீசாமலே எறியும் 'ரோல் காஸ்ட்' முறையை எங்களுக்குக் கற்றுத்தந்தார். கோலை மெதுவாக உயர்த்தி, கயிறு தோளோரம் தொய்ந்து நிற்கும்வரை பொறுத்து, முன்னால் வெட்டி நிறுத்த வேண்டும். கயிறு தண்ணீர்மேல் சுருண்டு விரியும். பின்னால் மரம் இருந்தாலும் பயமில்லை. புதியவர்களுக்கு ஏற்றது இதுவே.

ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி, நிழல் விழாமல் போனோம். பாறையின் பின்னால் நீர் தணியும் இடத்தைக் காட்டி, "அங்கே போடு" என்றார். மகளின் ஏழாவது எறிதலில் கயிறு வெட்டி இழுத்தது. சாண் நீளப் பழுப்பு ட்ரவுட். விலாவில் சிவப்புப் புள்ளிகள். அவர் கையை ஆற்றில் நனைத்த பிறகே மீனைத் தொட்டார். காய்ந்த கை அதன் மேல்வழவழப்பை உரித்துவிடும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் முன்பே நசுக்கியிருந்ததால் அது எளிதில் கழன்றது. நொடியில் மீன் ஆழத்துக்குப் போய்விட்டது.

இந்த மீன் இமயத்தில் பிறந்ததல்ல. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு வந்த முட்டைகளிலிருந்து அங்கே பெருகி, பிறகு குல்லுவுக்கு வந்தது. நம் நீலகிரியிலும் ட்ரவுட்டுக்காக 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓட்டநீர் இல்லாவிட்டால் ட்ரவுட் பிழைக்காது. அது துள்ளும் வரை ஆறு நலமாக இருக்கிறது என்று அறியலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன்பிடிக்கத் தடை; அது முட்டையிடும் காலம். அந்த நான்கு மாதமும் வழிகாட்டிக்கு ஆற்றில் வருமானம் இல்லை. பகலில் ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து, இரவில் விளக்கடியில் அடுத்த பருவத்துக்கான பூச்சிகள். ஒரு பூச்சி கட்டக் கால்மணி நேரம் ஆகும் என்றார். அந்த விரல்களில் வெட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். எந்தப் பாறையடியில் எந்த மாதம் மீன் நிற்கும் என்பதும் அவர் நினைவில்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மீன்துறையின் அனுமதிச்சீட்டு வாங்குங்கள். உள்ளூர்க்காரரையே வழிகாட்டியாக வையுங்கள், அவர் கட்டிய பூச்சியைக் காசு கொடுத்து வாங்குங்கள். பிடித்த மீனை ஆற்றிலேயே விடுங்கள்.