சம்பளத் துண்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு சம்பளத் துண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கிடந்தது. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்த அம்மா ஒருவர் 1996 இல் என்னிடம் தந்தது. "கைநாட்டு இல்லைங்க தம்பி, கையெழுத்தே போடுவேன். கூட்டிப் பாக்கத்தான் தெரியாது" என்றார். நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தோட்டங்கள் 1992 இல் தனியார் நிருவாகத்துக்குப் போய், பங்குகளும் விற்பனைக்கு வந்திருந்த காலம் அது. அந்த லயத்துக்கு என்னை அழைத்துச் சென்றவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். நான் சைவன். பாதர்மார் தோட்டத்துக்குள் நுழைந்தால் மதம் மாற்றத்தான் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவரோ ஜெபம் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மாதம் எத்தனை நாள் 'அரைப்பேர்' விழுந்தது, மா என்ன விலை என்றே வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். (நிறை குறைந்தால் முழுநாள் வேலைக்கும் பாதிச் சம்பளம் போடுவதுதான் அரைப்பேர்.)

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும். பேராதனையில் கலைப்பீட மாணவனாயிருந்தபோது கண்டியிலுள்ள சத்தியோதயத்துக்குப் போய் வருவேன். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972 இல் தொடங்கிய நிலையம் அது. தொடங்கிய மறு ஆண்டே மலையகத்தைப் பஞ்சம் பிடித்தது. 1973, 74 இல் பங்கீட்டு அரிசி குறைந்து மாவின் விலை ஏறியபோது, தோட்டத்தில் பட்டினியால் மனிதர் செத்தார்கள். காணித் துண்டும் இல்லாமல், பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையும் இல்லாமல், கடைச் சாமானை நம்பியே உலை வைத்த சனம் அது. ஊர்ப்புறத்தவனுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது.

அப்போது பெருந்தோட்டங்கள் பல இலண்டன் கம்பனிகளின் கையில் இருந்தன. 1973 இல் கிரனடா தொலைக்காட்சி இந்த லயங்களைப் படம் பிடித்து பிரித்தானிய மக்களுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு 'வோர் ஒன் வோன்ட்' என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. தேநீர் குடிப்பவனும் பங்கு வைத்திருப்பவனும் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. பல்தேசியக் கம்பனிகளின் பொறுப்புக்கூறல் என்று இன்று கருத்தரங்குகளில் சொல்கிறார்களே, அதுதான். 1975 இல் அந்நியத் தோட்டங்கள் அரசுடைமையாயின. கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது, அதுவும் போயிற்று. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உணவு உரிமை என்பதற்குக் கடதாசிக் குறைவில்லை. பொருளாதார, சமூக உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இலேயே இணைந்தது. 2004 இல் உணவு விவசாய நிறுவனம் வழிகாட்டிகளை ஏற்றது. 2011 இல் வணிகமும் மனித உரிமையும் பற்றி ஐ.நா. கோட்பாடுகள் வந்தன. எதிலும் அரைப்பேர் என்ற சொல் இல்லை. திருச்சபையினர்மீதும் எனக்கு மனக்குறை உண்டு. 2022 நெருக்கடியில் உலருணவுப் பொதி கொடுத்துப் படம் எடுத்துப் போட்டவர்கள் பலர். சம்பளக் கணக்கைக் கையிலெடுத்தவர் சிலரே.

நிற்க. என் கதைக்கு வருகிறேன். அந்தச் சம்பளத் துண்டை வைத்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அது அச்சேறவில்லை. அதே வாரம் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "அடுத்த வாரம் வரும் பாதர்" என்று மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை அவர் கேட்கவில்லை. தாமே ரோணியோவில் அடித்து விநியோகித்தார் என்று பின்னர் அறிந்தேன்.

சென்ற மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா இல்லை. மகள் அதே லயத்தில், அதே வேலையில். நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாவாக உயர்ந்தது. 2026 தொடக்கத்திலிருந்து 1550 ரூபாவும் அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் என்று 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட உரையில் அறிவித்தார்கள். "வெல எங்கங்க நிக்குது ஐயா" என்றார் அவர், ரொட்டிக்கு மா பிசைந்தபடி.

பழைய துண்டைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விளக்கடியில் வைத்து, விரலால் ஒவ்வொரு கழிவாகத் தொட்டுக்கொண்டு வந்தார். சேமலாப நிதி, சந்தா, முற்பணம், கோயில். விரல் நின்றது.

"இதுல கோயில் காசு ரெண்டு தடவ புடிச்சிருக்காங்களே ஐயா. நீங்க பாக்கலியா?"