கிடார் வாங்கின கணக்கு

பி.காம். மாணவனுக்கு எல்லாமே வரவு செலவுதான். டியூஷன் எடுத்துச் சேர்த்தது 12,000 ரூபாய். கல்லூரி விழாவில் வாசிக்கணும். 80 வயதுப் பாட்டியின் தாலாட்டைக் கிடாரோடு பதிவு செய்யணும். எலக்ட்ரோ-அகூஸ்டிக் தேடினேன்.

ட்யூனர், ஈக்வலைசர் என்று பளபளத்த ஒன்றில் மயங்கிவிட்டேன். ஆனால் சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப் பெரும்பாலும் கம்பி அதிர்வைத்தான் எடுக்கும். மேடைக்குச் சரி; பதிவில் பிளாஸ்டிக் மாதிரி ஒலிக்கும். வயரைக் கழற்றி வாசித்தால் அந்தப் பளபளப்பு வெறும் டப்பா சத்தம்!

கடைசியில், வயர் இல்லாமலே நன்றாக ஒலித்த எளிய மாடலை வாங்கினேன். மீதிப் பணத்தில் ஒரு மைக். 12-வது ஃப்ரெட்டுக்கு எதிரே வைத்தால் மரத்தின் ஓசை வரும். பிக்கப் எடுக்காத பாட்டி குரலும் வரும்.

வாசித்து முடித்ததும் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள் மக்களே. சொருகியே இருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீரும். அதுவும் செலவுதானே!