தொட்டிக்கு மேலே ஒரு பட்ஜெட்

பி.காம். படித்தவனிடம் ஊர் உலகம் மூன்று காரியங்களை எதிர்பார்க்கிறது. ஒன்று, இன்கம்டாக்ஸ் ஃபாரம் நிரப்பித் தரவேண்டும். இரண்டு, அபார்ட்மெண்ட் சங்கத்தில் பொருளாளராக இருக்கவேண்டும். மூன்று, யார் எதை வாங்கினாலும் 'லாபமா, நஷ்டமா?' என்று நின்ற இடத்திலேயே சொல்லவேண்டும். முதல் இரண்டிலிருந்தும் தப்பித்துவிட்டேன். மூன்றாவதில் சொந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

கேள்வி இதுதான்: மீன் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு போட்டால், போட்ட காசு திரும்பி வருமா?

சிரிக்காதீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு இது சில்லறை விஷயம். எனக்கு அப்படியில்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனின் வருமானம் வடகிழக்குப் பருவமழை மாதிரி. வரும் என்பது நிச்சயம், எப்போது என்பதுதான் சஸ்பென்ஸ். வானம் பார்த்த பூமியில் 650 ரூபாய்க்கும் ஒரு காபினெட் மீட்டிங் உண்டு.

முதலில் தொட்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். உள்ளே ஏழு நியான் டெட்ரா, நான்கு மோலி, எண்ணிக்கைக்கு அடங்காத கப்பிகள். (குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தண்ணீருக்குள் கேட்பதில்லை.) மேல்மூடிக்குள் 18 வாட் டியூப்லைட். எட்டு வயது மகளின் பிடிவாதத்தால் வந்த தொட்டி. பதினைந்தாம் நாள் அவள் சைக்கிளுக்குக் கட்சி மாறிவிட்டாள். தொட்டி என் அப்பாவின் இலாகாவுக்குப் போனது.

அந்த டியூப் ஒரு நாள் மினுக், மினுக் என்று கண்ணடிக்க ஆரம்பித்தது. கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். தெருவுக்குத் தெரு கண்ணாடித் தொட்டிகள், பிளாஸ்டிக் கவருக்குள் காற்றடைத்த மீன்கள்.

கடைக்காரர் இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று 650 ரூபாய். இன்னொன்று 1,800. இரண்டும் 10 வாட்.

"எல்.இ.டி. போட்டுருங்க சார். கரண்ட் பில்லுலயே காசு திரும்பி வந்துரும்."

காமர்ஸ்காரனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. அங்கேயே பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

18 வாட் டியூப் என்று பெயரே தவிர, பழைய பாணி சோக் சாப்பிடுவதையும் சேர்த்தால் சுமார் 25 வாட். எல்.இ.டி. 10 வாட். மிச்சம் 15 வாட். தினம் எட்டு மணி நேரம் எரித்தால் 0.12 யூனிட் மிச்சம். நம் ஊரில் பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அறுபது நாளைக்கு 7.2 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 43 ரூபாய் 20 காசு. வருடத்துக்கு 259 ரூபாய்.

ஆக, 650 ரூபாய் விளக்கு போட்ட காசைத் திருப்பித் தர இரண்டரை வருடம். 1,800 ரூபாய் விளக்குக்கு ஏழு வருடம். கப்பி மீனின் ஆயுள் சுமார் இரண்டு வருடம். அதாவது, லாபத்தைக் கண்ணால் பார்க்க எந்தக் கப்பியும் உயிரோடு இருக்காது. அதன் கொள்ளுப் பேரப் பிள்ளைகள்தான் பலன் அனுபவிக்கவேண்டும்.

பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். "வீட்டுக்கு 100 யூனிட் ஃப்ரீதானே சார், தொட்டி லைட்டு அதுல ஓடிராதா?" என்றார். நியாயமாகத்தான் தோன்றும். 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததிலிருந்து நிறையப் பேர் இப்படிப் பேசுகிறார்கள். ஆனால் ஃபேன், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஓடுகிற வீட்டில் அந்த நூறு எப்போதோ கரைந்துவிடும். புதிதாகச் சேர்க்கிற விளக்கு கடைசி யூனிட்டில்தான் போய் உட்காரும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுகிற ஸ்லாப் முறையில், கடைசி யூனிட்தான் விலை உயர்ந்தது. மிச்சம் பிடித்தாலும் மேலேயிருந்துதான் குறையும். எங்கள் காஸ்டிங் பேராசிரியர் இதற்கு மார்ஜினல் காஸ்ட் என்று பெயர் சொல்லி ஒரு செமஸ்டர் முழுக்க இழுத்தார்.

* * *

வீட்டில் காபினெட் கூடியது. என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, ராத்திரி பகலா ஓடுதே அந்த ஃபில்டர், அது எவ்வளவு இழுக்கும்?"

அட! இது கடையில் யாரும் கேட்காத கேள்வி. எங்கள் ஃபில்டரும் 10 வாட்தான். ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 24 மணி நேரத்துக்கு 0.24 யூனிட். எட்டு மணி நேரம் எரிகிற எல்.இ.டி.யைப் போல மூன்று மடங்கு. அதை நிறுத்தவும் முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சுக்குள் குடியிருக்கிறது. ஓடுகிற தண்ணீர் கொண்டுவரும் ஆக்ஸிஜன் நின்றால், முதலில் அதற்கு ஆபத்து, அப்புறம் மீனுக்கு.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. "லைட்டை எத்தனை மணி நேரம் போடறோம்?"

காலை பத்து மணிக்குப் போட்டு ராத்திரி பத்து மணிக்கு அணைப்பது எங்கள் வழக்கம். பன்னிரண்டு மணி நேரம். அதை எட்டாகக் குறைத்தால், அதே பழைய டியூபிலேயே தினம் 0.10 யூனிட் மிச்சம். விளக்கை மாற்றுவதால் கிடைப்பது 0.12. கிட்டத்தட்ட அதே லாபம், ஒரு பைசா முதலீடு இல்லாமல்!

மீனுக்கும் அதுதான் நல்லது. பகல், இரவு வித்தியாசம் தெரிந்தால் போதும் அதற்கு. மூட இமை கிடையாது, ஆகவே இருட்டில்தான் ஓய்வு. நிஜச் செடி வைத்திருந்தால்தான் வெளிச்சம் உணவு. அதிலும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவை குறைந்த வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும் சாதுக்கள். அதிக நேரம் எரித்தால் செடியைவிட வேகமாகப் பச்சைப் பாசி வளரும். கண்ணாடியைச் சுரண்டுவதில் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அப்படியானால் எல்.இ.டி.யே வீணா? அதுவும் இல்லை.

நீல நிற எல்.இ.டி.யைச் சரியாக உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் பெரும்பாலான வெள்ளை விளக்குகள் வருகின்றன. நம் நாட்டில் அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பின் விலை 2014-ல் 310 ரூபாயாக இருந்து, 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. டியூப்லைட்டுக்கோ நாள் எண்ணியாகிவிட்டது. உள்ளே பாதரசம் இருப்பதால், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி, 2027-க்குள் அதன் உற்பத்தியை முடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தன. சண்டை போட்டாலும், நாளைக்கு டியூப் கிடைப்பதுதான் கஷ்டம்.

அடுத்தது சூடு. சென்னையின் மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே வெந்நீருக்குப் பக்கத்தில் நிற்கும். நியான் டெட்ராவின் சொந்த ஊர் அமேசான் காட்டு ஓடைகள். மரநிழலில் வாழ்ந்த ஜாதி. மூடிக்குள் டியூபும் சோக்கும் 25 வாட்டைச் சூடாக இறக்குவதற்கும், 10 வாட் இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

கடல் பவழம் வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மொத்தமாகவே மாறிவிடும். பவழத்துக்குள் வாழும் நுண்பாசிக்குப் பலத்த வெளிச்சம் வேண்டும். 250 வாட் மெட்டல் ஹாலைடை எடுத்துவிட்டு 100 வாட் எல்.இ.டி. போட்டால், எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்தில் 72 யூனிட். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் வேலை குறையும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அட்டைப் பெட்டியில் '50,000 மணி நேரம்' என்று போட்டிருப்பதை மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள். தினம் எட்டு மணி நேரம் என்றால் பதினேழு வருடம். என் மகளுக்கு இருபத்தைந்து வயதாகியிருக்கும். எல்.இ.டி. சில்லு ஒருவேளை இருக்கும். அதற்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் பெரும்பாலும் முன்னாடியே கண் மூடிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி சீல் வைத்திருந்தால் முழு விளக்கும் குப்பைக்கு. அடாப்டர் தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

* * *

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். பேப்பரைப் பிரித்தபடி வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது, இன்னொரு கண் வரிசையில் நிற்கிறது. அந்த மினுக்கலில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

காபினெட் மீட்டிங்கில் கடைசியாக என் மனைவிதான் பேசினாள். "வருஷத்துக்கு 259 வருதோ இல்லையோ, மாமா உக்கார்ற இடம்ங்க. 650-ஐயே வாங்கிருங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மாட்டிய அன்றைக்கே நியான்களின் நீலக் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. அந்த நீலம் சாயமில்லை. தோலில் உள்ள நுண்ணிய படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவதால் வருவது. நல்ல வெளிச்சம் இல்லாமல் நியான் வளர்ப்பது, ஸ்பீக்கர் இல்லாத ரேடியோவில் பாட்டுக் கேட்கிற மாதிரி.

நான்காம் நாள் சாயங்காலம் ஹாலிலிருந்து குரல்.

"டேய், இங்க வா. கறுப்பு மோலி மேல உப்புத் தூவின மாதிரி இருக்கு பாரு."

போய்ப் பார்த்தேன். வாலருகில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி நோய். ஒட்டுண்ணி வேலை. விட்டுவைத்தால் தொட்டி முழுக்கப் பரவும்.

"கடைக்காரருக்கு போன் போடு. என்ன மருந்து, எத்தனை சொட்டுன்னு கேளு. தண்ணியில மூணுல ஒரு பங்கு மாத்தணுமான்னு கேளு. நானே பேசறேன், குடு."

அன்றைக்கு அப்பா கடைக்காரரிடம் பதினைந்து நிமிஷம் பேசினார். எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு அப்புறம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மோலி பிழைத்துக்கொண்டது. இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எங்கள் அக்கவுண்டன்சி புத்தகத்தில் தேடினேன். 'இதர வருமானம்' என்று ஒன்று இருக்கிறது. போதாது.

ஆகவே, கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. டியூப் நன்றாக எரிகிறதா? எரியட்டும், மணி நேரத்தைக் குறையுங்கள். மங்கிவிட்டதா, மினுக்குகிறதா? சாதாரண எல்.இ.டி. போதும், அடாப்டர் தனியாக இருக்கட்டும். பழைய டியூபை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், பாதரசம் இருக்கிறது. பிளக்குக்கு வருகிற வயர் கொஞ்சம் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும். வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். கையை விடுவதற்கு முன்னால் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள்.

கரண்ட் பில்லில் காசு திரும்பி வரும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். விளக்கை வாங்கலாமா என்பதை, தொட்டி முன்னால் தினம் நாற்காலி போட்டு உட்காருகிறவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.