விரல் ஊன்றி நடக்கும் கவச மீன்

மீன் நீந்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், மத்தியதரைக் கடலின் ஆழத்தில் தரையில் விரல் ஊன்றி நடக்கும் ஒரு சிவப்பு மீன் இருக்கிறது!

ஆங்கிலத்தில் 'ஆர்மர்ட் சீ ராபின்' என்பார்கள். அறிவியல் பெயர் 'பெரிஸ்டீடியான் கேட்டஃபிராக்டம்'. பின்பாதிக்கு 'கவசம் பூண்டது' என்று அர்த்தம். 1758-லேயே லின்னேயஸ் சூட்டிய அடைமொழி அது. பொருத்தமானதுதான். உடம்பின் ஒவ்வொரு பக்கமும் நான்கு வரிசை எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் முட்கள். மூக்குக்கு முன்னால் கவட்டைபோல இரண்டு கொம்புகள் வேறு. பெரும்பாலும் ஓர் அடிகூட இல்லாத மீனுக்கு இத்தனை தடபுடல்!

இவ்வளவையும் மாட்டிக்கொண்டு உடம்பை வளைத்து விரைவது சிரமம்தானே? அதனாலோ என்னவோ, தரையோடு தரையாகவே வாழ்கிறது. மார்புத் துடுப்பிலிருந்து பக்கத்துக்கு இரண்டு கதிர்கள் தனியே பிரிந்து விரல்களாகியிருக்கின்றன. அவற்றை ஊன்றித்தான் சேற்றில் நகர்கிறது.

பெரும்பாலும் 200 மீட்டருக்குக் கீழே, வெளிச்சம் மங்கிய இடத்தில் குடித்தனம். அங்கே கண்ணை மட்டும் நம்பினால் சாப்பாடு கிடைக்காது. கெளுத்திக்கு இருப்பதுபோல தாடையில் மீசை உண்டு. இதற்கு அது கிளைவிட்டும் இருக்கும். சேற்றைத் தடவித் தடவி, சின்னஞ்சிறு இறால் வகைகளைத் தேடிப் பிடிக்கும். இத்தனை முரட்டுத் தோற்றத்துக்கு, வாயில் ஒரு பல்கூடக் கிடையாது!

இதன் ஒன்றுவிட்ட சொந்தமான, அட்லாண்டிக் கரையோரம் வாழும் சீ ராபினுக்குப் பக்கத்துக்கு மூன்று விரல்கள். அந்த மீனை ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். மணலுக்குள் புதைந்த இரையை அது காலாலேயே 'ருசி பார்த்து'த் தோண்டி எடுக்கிறதாம். காலில் நாக்கு இருப்பதுபோலத்தான்!

கவசம் பூண்ட இந்த மீனுக்குத் தொல்லை வேறு வகையில் வருகிறது. ஆழ்கடல் இறாலுக்காகத் தரையை உரசிச் செல்லும் இழுவை வலையில் இதுவும் வாரிக்கொண்டு வரப்படுகிறது. பல்லுக்குப் பயப்படாத தகடு வலைக்கு என்ன செய்யும்? விலை போகாத மீன் என்பதால் பெரும்பாலும் படகிலிருந்தே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

மத்தியதரைக் கடலில் 1,000 மீட்டருக்குக் கீழே இழுவை வலை போடக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. இந்த மீன் வசிப்பதோ அந்தக் கோட்டுக்கு மேலே.